தேடினால் "ஒன்றும் இல்லை" என்கிறதா? கடைத் தளத்தின் தேடல் முடிவுப் பக்கத்தைப் பழுது பார்க்கும் முறை

மதுரை தெற்கு மாசி வீதியில் உள்ள ஒரு சுங்குடிக் கடைக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்து, அதைப் பராமரித்தும் வருகிறேன். தளத்தில் ஏறத்தாழ 600 சேலைகள் இருக்கின்றன. தொடங்கிய சில மாதங்களில் ஒரு நாள், வாட்ஸ்அப் ஆர்டர்களைக் கவனிக்கும் அக்கா தன் கைபேசியை என் முன் நீட்டினார். ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) அதில் இருந்தது. தேடல் பெட்டியில் "அரக்கு சுங்குடி", கீழே "முடிவுகள் எதுவும் இல்லை."

அக்கா பின்பக்கம் திரும்பி, அடுக்கிலிருந்து நான்கு அரக்கு நிறச் சேலைகளை உருவி மேசையில் வைத்தார். "தம்பி, சேலை என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. உங்கள் பக்கம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டது."

அந்த நான்கும் தளத்திலும் இருந்தன. "மெரூன்" என்று பதிவாகியிருந்தன.

அன்றிலிருந்து கற்றுக்கொண்டதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். தமிழில் பொருள் விற்கும் எந்தச் சிறு தளத்துக்கும் இது பொருந்தும்.

தொடங்கும் முன்: தேடல் பதிவேடு

பக்கத்தின் நிறத்தையும் கட்டத்தையும் மாற்றப் போகாதீர்கள். முதலில், தேடல் பெட்டியில் வரும் ஒவ்வொரு சொல்லையும், அதற்குக் கிடைத்த முடிவுகளின் எண்ணிக்கையையும், தேடியவர் எதையாவது திறந்தாரா என்பதையும் ஓர் அட்டவணையில் சேமிக்கத் தொடங்குங்கள். யார் தேடினார் என்பது தேவையில்லை. சிலர் தேடல் பெட்டியிலேயே கைபேசி எண்ணை இட்டுவிடுகிறார்கள். பத்து இலக்க எண்களைச் சேமிக்காமல் விடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து, பூஜ்யம் முடிவு வந்த சொற்களை மேலே கொண்டுவந்து, கடையில் விற்பவரோடு உட்கார்ந்து படியுங்கள். இதைத் தனியாகச் செய்யக்கூடாது. நிரல் எழுதுபவருக்குத் தட்டச்சுப் பிழையாகத் தெரியும் ஒரு சொல், விற்பவருக்குப் பொருளின் பெயராக இருக்கும்.

அறிகுறி: பொருள் இருக்கிறது, தேடினால் வரவில்லை

மிகுதியாக வரும் புகார் இதுதான், காரணங்களும் பல. எந்தக் காரணம் என்று பிரித்தறிய ஒரு சோதனை போதும். பொருளின் பெயரைத் தளத்திலிருந்தே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டித் தேடுங்கள். பிறகு அதே பெயரைக் கையால் தட்டச்சு செய்து தேடுங்கள். ஒட்டினால் வந்து, தட்டினால் வராவிட்டால் எழுத்துக் குறியீட்டில் கோளாறு. இரண்டிலும் வராவிட்டால் இன்டெக்ஸில், அதாவது தேடலுக்காகத் தளம் வைத்திருக்கும் சொல் பட்டியலில், கோளாறு. இரண்டிலும் வந்து, வாடிக்கையாளர் சொன்ன சொல்லுக்கு மட்டும் வராவிட்டால் தளத்துக்குச் சொல் போதவில்லை.

எழுத்துக் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். "கோடு" என்ற சொல்லை, எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் முறையான யூனிகோட் இரண்டு விதமாக எழுத இடம் தருகிறது. ககரத்தை அடுத்து ஓகாரக் குறியை ஒரே குறியீடாக இடலாம். அப்போது சொல்லின் நீளம் 4. அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடலாம். அப்போது நீளம் 5. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. எங்கள் கடையின் பொருள் பட்டியல், பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்ததை ஒரு மாற்றி மென்பொருள் வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவந்தது. கோடு போட்ட சேலைகள் மொத்தமும் 5 நீளத்தில் உட்கார்ந்திருந்தன. வாடிக்கையாளரின் கைபேசி 4 நீளத்தில் அனுப்பியது.

தீர்வு எளிது. இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) என்ற சீராக்கத்தைப் பொருளைச் சேமிக்கும்போதும் தேடல் சொல் வரும்போதும் செய்துவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கான வசதி மொழியிலேயே இருக்கிறது. பிஎச்பியில் இன்டில் (intl) நீட்டிப்பு தருகிறது. ஒரு பக்கம் மட்டும் செய்தால் கோளாறு இடம் மாறுமே ஒழியத் தீராது.

சீராக்கத்துக்கும் பிடிபடாதவை சில உண்டு. காலுக்குப் பதில் ரகரத்தை இடுவது, "கௌரி" என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் இடுவது, "ஸ்ரீ" என்பதை ஸகரத்திலும் ஶகரத்திலும் தொடங்குவது ஆகியவற்றுக்கு நீங்களே ஒரு மாற்றுப் பட்டியல் எழுத வேண்டும். பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு மேல் போகாது.

அடுத்து இன்டெக்ஸ். மைஎஸ்க்யூஎல் (MySQL) தரவுத்தளத்தின் முழுஉரைத் தேடலில், இன்னோடிபி (InnoDB) வகை அட்டவணைகளுக்கு 3 எழுத்துக்குக் குறைந்த சொற்கள் இயல்பாகவே இன்டெக்ஸில் ஏறாது. "பூ" என்பது கணினிக் கணக்கில் 2. "9 கஜம்" என்று தேடினால் அந்த 9 கணக்கிலேயே வராது; மடிசார் கட்டுபவருக்கு அந்த 9தான் முழுத் தேவையும். அளவைக் குறைத்து, சர்வரை மறுபடி தொடங்கி, இன்டெக்ஸையும் புதிதாகக் கட்ட வேண்டும். கடைசிப் படியை மறந்துவிட்டு "மாற்றியும் வரவில்லை" என்று அரை நாள் தேடியவர்கள் பலர்.

இனி விகுதிகள். "கட்டம்" என்று தேடுபவருக்குக் "கட்டங்கள்", "கட்டத்தில்" என்று எழுதிய சேலைகளும் வர வேண்டும். ஆங்கிலத்தில் சொல்லின் வாலை வெட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். தமிழில் மகர ஈறு கெட்டு, அத்துச் சாரியை ஏறி, அடிச்சொல்லே உருமாறுகிறது. போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) தரவுத்தளம் பயன்படுத்துவோருக்கு 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து தமிழ்ச் சொல்லடி காணும் வசதி உள்ளேயே இருக்கிறது, அதை இயக்குங்கள். மற்றவர்கள் குறைந்தபட்சம் சொல்லின் இறுதியில் வரும் க், ச், த், ப் ஆகிய மிகும் ஒற்றுகளை நீக்கிவிடுங்கள். "சுங்குடிச் சேலை" என்று இலக்கணம் பிசகாமல் எழுதியவருக்குப் பூஜ்யம் முடிவு காட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. 600 பொருள் உள்ள தளத்துக்கு மிச்ச வடிவங்களைக் கையாலேயே எழுதி வைத்துவிடலாம். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிட்டது.

மூன்றாவது, சொல் போதாமை. அரக்கும் மெரூனும் கதை சொன்னேன். அக்காவோடு உட்கார்ந்து நிறங்களை மட்டும் எழுதினோம்: கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, வெங்காயக் கலர், இலைப்பச்சை. நான் வைத்திருந்த பட்டியலில் பச்சை, மஞ்சள், நீலம், இளஞ்சிவப்பு என்று ஒரு பெட்டி வர்ணத்தின் பெயர்கள்தான் இருந்தன. "எம்.எஸ். நீலம்" என்று ஒரு தேடல் பதிவேட்டில் பல முறை வந்திருந்தது. 1916-இல் இதே மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் நிறம் அது. என் தரவில் "அடர் நீலம்" என்று கிடந்தது. போதாததற்குப் புள்ளி வைத்து ஒருவர், வைக்காமல் ஒருவர், இடைவெளி விட்டு ஒருவர் என்று மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். தலைப்பெழுத்துகளில் புள்ளியையும் இடைவெளியையும் நீக்கி ஒன்றாக்கிய பிறகே மூன்றும் ஒரே இடத்துக்கு வந்தன.

தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள் எங்கள் பதிவேட்டில் பாதிக்கு மேல். சுங்குடி, சுங்கடி, சின்னாளபட்டி ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு எழுத்துக்கூட்டல்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவிதி தேடி அலையாமல், பதிவேட்டில் வந்த வடிவங்களை அப்படியே மாற்றுச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

பொருள் உண்மையிலேயே இல்லாதபோது

எவ்வளவு செய்தாலும் பூஜ்யம் வரத்தான் செய்யும். அந்தப் பக்கத்தில் நான்கு வேலைகள். தேடிய சொல்லைப் பெட்டியிலேயே விட்டுவையுங்கள். பெட்டி வெறுமையானால் அவர் ஓர் எழுத்தைத் திருத்துவதற்காக முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். எந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை என்று பெயர் சொல்லி எழுதுங்கள்: "பட்டுச் சேலைகள் எங்களிடம் இல்லை; நாங்கள் பருத்திச் சுங்குடி மட்டுமே விற்கிறோம்." நெருங்கிய பொருள்களைக் காட்டினால், அவை நெருங்கியவை என்று வெளிப்படையாகத் தலைப்பிடுங்கள். நான்காவது, கடை திறந்திருக்கும் நேரத்தோடு வாட்ஸ்அப் எண்.

தேடிய சொல்லைத் தளமே சத்தமில்லாமல் திருத்தி வேறு முடிவைக் காட்டக்கூடாது. திருத்தினால், "இந்தச் சொல்லுக்கான முடிவுகளைக் காட்டுகிறோம், நீங்கள் அடித்த சொல்லுக்கே தேட இங்கே தொடுங்கள்" என்று ஒரு வரி மேலே இருக்க வேண்டும். கடையில் ஒருவர் பருத்தி கேட்கும்போது ஒன்றும் சொல்லாமல் பாலியெஸ்டரை விரித்துப் போட்டால் எழுந்து போய்விடுவார் அல்லவா?

அறிகுறி: ஒன்று கேட்டால் நூறு வருகிறது

"பச்சை சுங்குடி" என்று தேடினால் 600 சேலையும் வருகிறதா? இரண்டு சொல்லில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று தேடல் கருதுகிறது. எல்லாச் சொல்லும் இருக்க வேண்டும் என்று மாற்றுங்கள். அப்படித் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் மட்டும் தளர்த்துங்கள். தளர்த்தியதைப் பக்கத்தில் சொல்லுங்கள்.

தொடர்பே இல்லாத பொருள் வருகிறதா? எஸ்க்யூலைட் (SQLite) தரவுத்தளம் பயன்படுத்துபவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அதன் எஃப்டிஎஸ்5 (FTS5) என்ற முழுஉரைத் தேடல், இயல்பு நிலையில் எழுத்து, எண் ஆகிய வகைகளை மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. யூனிகோடில் தமிழின் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்து வகையில் இல்லை. சேர்க்குறி வகையில் இருக்கின்றன. ஆகவே அவை ஒவ்வொன்றும் காற்புள்ளியைப்போலச் சொல்லைப் பிரிக்கும் இடமாகிவிடுகின்றன. "பட்டு" என்ற சொல் ப, ட, ட என்று மூன்று துண்டாகிறது. "போட்ட" என்பதும் ப, ட, ட. "பாட்டி" என்பதும் அதுவே. நண்பர் ஒருவரின் ஜவுளித் தளத்தில் பட்டு என்று தேடினால் கோடு போட்ட காட்டன் சேலைகள் வந்து நின்றன. அவர் ஒரு மாதம் வரிசைப்படுத்தும் நிரலைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார். இன்டெக்ஸ் உருவாக்கும்போது சேர்க்குறி வகைகள் இரண்டையும் (Mn, Mc) சொல்லின் பகுதியாகச் சேர்க்கும்படி அமைத்தால் தீர்ந்தது. ஒரே வரி மாற்றம்தான்.

வரிசையைப் பொறுத்தவரை, பெயரில் சொல் இருக்கும் பொருள் முன்னால், விவரத்தில் மட்டும் இருப்பது பின்னால். இருப்பு தீர்ந்தவை கடைசியில். "விலை குறைவு முதலில்" என்பதை இயல்பு வரிசையாக வைக்காதீர்கள். சேலை தேடியவருக்கு ரவிக்கைத் துணிகள் முதலில் வந்து விழும்.

அறிகுறி: சரியான முடிவுதான், ஆனாலும் யாரும் திறப்பதில்லை

பதிவேட்டில் எண்ணிக்கை இருக்கும், திறந்ததற்கான குறி இருக்காது. அப்போதுதான் பக்கத்தின் தோற்றத்தைப் பார்க்க வேண்டும், அதுவும் கைபேசியில். எங்கள் பக்கத்தைத் திறந்தபோது இப்படி இருந்தது:

மதுரை சுங்குடி பருத்திச் சே…
மதுரை சுங்குடி பருத்திச் சே…
மதுரை சுங்குடி பருத்திச் சே…

ஒரு சேலையை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் சொல் ஒவ்வொரு பெயரின் வாலிலும் இருந்தது. திரை அந்த வாலைத்தான் வெட்டியது. பெயர்களைத் திருப்பி எழுதினோம்: "அரக்கு, மஞ்சள் கரை, கைமுடிச்சு", "இலைப்பச்சை, கட்டம், மெழுகு அச்சு". சுங்குடிக் கடையில் எல்லாமே சுங்குடிதான் என்பது வந்தவருக்குத் தெரியும். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர் என்பதால் அதைப் பக்கத்தின் தலையில் ஒரு முறை பெருமையாகச் சொன்னால் போதும்; 600 முறை சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு முடிவிலும் படம், பிரித்துக் காட்டும் பெயர், விலை, நீளம், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா, இருப்பு. அந்த ரவிக்கைத் துணி வரியைச் சேர்க்கச் சொன்னது அக்காதான். "போனில் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்" என்றார். உங்கள் பொருளுக்கும் அப்படி ஒரு முதல் கேள்வி இருக்கும். விற்பவரிடம் கேளுங்கள்.

விவரத்தைச் சுருக்கிக் காட்டும் இடத்தில் வரியின் முடிவில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால், நிரல் பைட் கணக்கில் வெட்டுகிறது. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். நடுவில் வெட்டினால் எழுத்தே உடைகிறது. குறியீட்டுக் கணக்கில் வெட்டினாலும் "கு" என்பது "க" ஆகிப் பொருள் மாறும். இதற்கு நான் கண்ட நல்ல வழி, முழு உரையையும் அனுப்பிவிட்டு, இரண்டு வரிக்கு மேல் மறைக்கும்படி நடைதாளில் (CSS) சொல்லிவிடுவது.

தேடிய சொல்லை மஞ்சளில் எடுத்துக்காட்டும்போது எழுத்து சிதறி, வெறும் புள்ளி வட்டத்தின்மேல் குறி தொங்குகிறதா? எடுத்துக்காட்டும் நிரல் உயிர்மெய்யின் நடுவே எச்டிஎம்எல் குறிச்சொல்லைச் செருகிவிட்டது. ஜாவாஸ்கிரிப்டின் சொல் எல்லைக் குறி ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவற்றை மட்டுமே சொல் என்று அறியும். தமிழுக்கு அது உதவாது. இடைவெளிகளை வைத்துச் சொல்லைப் பிரித்து, முழுச் சொல்லையும் எடுத்துக்காட்டுங்கள்.

வரி உயரத்தையும் தாராளமாக வையுங்கள். தமிழுக்கு மேலே புள்ளியும் கொக்கியும், கீழே உகரச் சுழியும் உண்டு. எழுத்தளவின் 1.6 மடங்குக்குக் கீழே போனால் இரண்டு வரிப் பெயர்கள் ஒன்றையொன்று உரசுகின்றன. சாம்பல் நிறத்தில் விலை எழுதுவதை விட்டுவிடுங்கள். பின்னணிக்கும் எழுத்துக்கும் 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு இருக்க வேண்டும் என்பது அணுகல் வழிகாட்டி நெறி. மாசி வீதியில் மதிய வெயிலில் நின்று கைபேசியைப் பார்த்தால் அதன் நியாயம் உடனே புரியும்.

அறிகுறி: தட்டும்போதே எழுத்து இரட்டிக்கிறது, பாதியில் தேடிவிடுகிறது

தமிழ்த் தட்டச்சில் ஒரு சொல் முழுமையாகும் முன் பல இடைவடிவங்கள் வந்து போகும். அந்த நேரத்தில் உங்கள் நிரல் பெட்டிக்குள் இருக்கும் உரையை மாற்றி எழுதினால், "சேலை" என்பது "சேசேலை" ஆகும். நான் செய்த தவறே இதுதான்: மேலே சொன்ன சீராக்கத்தைப் பெட்டிக்குள்ளேயே செய்தேன். சீராக்கம் தேடலுக்குப் போகும் பிரதியில் மட்டும் நடக்க வேண்டும், பெட்டியைத் தொடக்கூடாது.

சொற்கோவை (விசைகள் சேர்ந்து சொல் உருவாகும் நிலை) முடிந்த பிறகே பரிந்துரை காட்டுவது என்று கண்டிப்பாக வைத்தால் வேறு தொல்லை. ஆண்ட்ராய்டு விசைப்பலகைகள் பலவற்றில் இடைவெளி இடும்வரை சொல் கோவையிலேயே இருக்கிறது; பரிந்துரையே தோன்றாது. விரல் நின்று 300 மில்லிநொடி கழித்துப் பரிந்துரை காட்டுங்கள். ஆனால் கோவை நடக்கும்போது வரும் என்டர் விசையைத் தேடலாகக் கொள்ளாதீர்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் போதும்.

அறிகுறி: ஒரு சேலையைப் பார்த்துத் திரும்பினால் முதலிலிருந்து தொடங்குகிறது

தேடல் சொல், நிறம், விலை, பக்க எண் எல்லாம் முகவரியிலேயே இருக்க வேண்டும். அப்போது பின்செல்லும் பட்டன் வேலை செய்யும். முடிவுப் பக்கத்தை அப்படியே அம்மாவுக்கோ தங்கைக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பவும் முடியும். சேலை வாங்குவது எங்கள் ஊரில் தனியாள் முடிவு அன்று. அந்த இணைப்பு நான்கு பேரைச் சுற்றி வரும். அனுப்பும்போது "சுங்குடி" என்ற ஒரு சொல் முகவரியில் 72 எழுத்தாக நீளக்கூடும்: 8 குறியீடு, 24 பைட், ஒவ்வொன்றுக்கும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து. ஆகவே நிறம், நீளம் போன்ற வடிகட்டிகளுக்கு முகவரியில் சிறு எண்களைப் பயன்படுத்துங்கள்.

கீழே போகப் போகத் தானாக நீளும் பக்கத்தை எடுத்துவிட்டு, "மேலும் 24 சேலைகள்" என்று பட்டன் வைத்தோம். பக்கத்தின் அடியில் இருக்கும் கடை முகவரியை அதற்குப் பிறகே மக்கள் கண்ணால் பார்த்தார்கள்.

சிறு கோளாறுகள்

வடிகட்டியைத் தொட்டதும் பூஜ்யம் வருகிறதா? ஒவ்வொரு தெரிவின் பக்கத்திலும் எண்ணிக்கை போடுங்கள். பூஜ்யமாகும் தெரிவை மங்கலாக்குங்கள்.

திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கு முடிவு வந்ததே தெரியவில்லையா? "18 சேலைகள் கிடைத்தன" என்ற வரியை நிலையறிவிப்புப் பகுதியாகக் குறியுங்கள். அது தானாக வாசிக்கப்படும்.

கூகுளில் உங்கள் பொருள் பக்கங்களுக்குப் பதில் உள்தேடல் பக்கங்கள் வருகின்றனவா? முடிவுப் பக்கங்களில் அட்டவணையிட வேண்டாம் (noindex) என்ற குறியை இடுங்கள். ரோபோ கோப்பில் (robots.txt) அதே பக்கங்களைத் தடுத்துவிடாதீர்கள். தடுத்தால் கூகுளால் அந்தக் குறியைப் படிக்கவே முடியாது.

பதிவேட்டில் மிஞ்சியது

இத்தனைக்கும் பிறகு பூஜ்யப் பட்டியல் சுருங்கி, திங்கட்கிழமை காலை பத்து நிமிடத்தில் அக்காவும் நானும் படித்துவிடும் அளவுக்கு வந்திருக்கிறது. சென்ற புரட்டாசியில் அதில் ஒரு வரி: "கொலுவுக்கு வருபவர்களுக்கு வைத்துக்கொடுக்க 20 சேலை."

எந்தப் பொருளின் பெயரும் அதில் இல்லை. எந்த மாற்றுச்சொல் பட்டியலிலும் அது அடங்காது. அக்கா ஒரு முறை படித்துவிட்டு, 500 ரூபாய்க்குள், ரவிக்கைத் துணியோடு, கறுப்பும் வெள்ளையும் தவிர்த்து, ஒரே ரகத்தில் 20 இருப்பு உள்ளவை எவை என்று கடகடவென்று சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல எழுதி, "வைத்துக்கொடுக்க" என்று ஒரு தொகுப்புப் பக்கம் அமைத்தேன். இப்போது வைத்துக்கொடுக்க, தாம்பூலம், கொலு, வளைகாப்பு ஆகிய நான்கு சொற்களில் எது வந்தாலும் முதல் முடிவாக அந்தப் பக்கம் வருகிறது. ஆடி மாதத்துக்கு என்ன தேடுவார்கள் என்று அக்கா இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்.